ஐசியு நிரலகத்தின் தமிழ் லொகேல்: செவ்வாய்ப்பேட்டைக் கணக்கில் ஒரு சோதனை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கான பில் மென்பொருளை எழுதிப் பராமரித்து வருகிறேன். வாடிக்கையாளரின் பெயர், ஊர், எடை, கூலி, தொகை ஆகிய அனைத்தும் தமிழிலேயே வர வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் கேட்டபோது, ஒவ்வொன்றுக்கும் நானே நிரல் எழுதுவதைவிட, மென்பொருள்கள் பல மொழிகளைக் கையாள உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஐசியு நிரலகத்தை நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது எனத் தோன்றியது. ஐபிஎம் நிறுவனம் 1999-இல் திறந்த மூலமாக வெளியிட்டு, 2016 முதல் யூனிகோடு கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்துவரும் இந்த நிரலகம், ஒவ்வொரு மொழிக்கும் உரிய மாதப் பெயர், எண் வடிவம், அகர வரிசை போன்றவற்றைச் சிஎல்டிஆர் என்னும் தரவுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோடு ஆகியவற்றில் தமிழ்த் தேதியும் எண்ணும் தெரிவதற்குப் பின்னால் இருப்பது இதுவே.

முதலில் ஊர்ப்பெயர்களை அகர வரிசைப்படுத்தும் சோதனையைச் செய்தேன். ஏனெனில் பட்டறைக் கணக்கர் ஒரு நாளில் அதிக முறை திறப்பது அந்தப் பட்டியலைத்தான். எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் தரும் யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும், ல-வுக்கு அடுத்து ள, ழ என்பவையும் வைக்கப்பட்டிருப்பதால், வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் பனமரத்துப்பட்டி முன்னும் பவானி பின்னும் வந்துவிடும். நாம் பள்ளியில் படித்த வரிசையிலோ ன்-தான் கடைசி மெய். ஆகவே பவானியே முன்னால் வர வேண்டும். அதேபோல், புள்ளியின் குறியெண் எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருப்பதால், ம் என்பது ம-வுக்குப் பின்னால் தள்ளப்பட்டு, அமரகுந்திக்குப் பிறகே அம்மாப்பேட்டை வரும். ஜாகீர் அம்மாபாளையம் சூரமங்கலத்துக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் போய் உட்காரும். ஐசியுவின் தமிழ் வரிசையாக்கத்தை இயக்கியதும் இந்த மூன்றும் சரியாகின: அம்மாப்பேட்டை மேலேறியது, பவானி தன் இடத்துக்கு வந்தது, கிரந்த எழுத்தில் தொடங்கும் ஜாகீர் அம்மாபாளையம் வாழப்பாடி, வீரபாண்டிக்கும் கீழே பட்டியலின் இறுதிக்குச் சென்றது. இந்த ஒரு பணிக்காகவே இந்த நிரலகத்தை மனதாரப் பரிந்துரைப்பேன். தமிழ் அகராதி மரபை அறிந்தவர்கள் இந்தத் தரவைக் கவனத்தோடு அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே சோதனை ஒரு பட்டறையின் பழைய கணினியில் தோற்றது. காரணத்தைத் தேடியபோது, அதில் இருந்தது நோடு 12-ஆம் பதிப்பு என்று தெரிந்தது. 13-ஆம் பதிப்புக்கு முன்பு நோடு இயல்பாக ஆங்கிலத் தரவை மட்டுமே கொண்டு வெளிவந்தது. தமிழ் லொகேலை, அதாவது தமிழுக்குரிய மொழி, நாட்டு வழக்கு அமைப்பை, கேட்டால் பிழைச் செய்தி எதுவும் தராமல் ஆங்கில வடிவத்தையே திருப்பித் தந்துவிடும். ஆகவே, வேறெதையும் சோதிக்கும் முன், தமிழ்த் தரவு உண்மையில் இருக்கிறதா என்று நிரலகத்தையே கேட்கும் ஒரு சோதனையை முதல் வரியில் வைப்பது இன்றியமையாதது.

எண்களைப் பொறுத்தவரை, 12,34,567.50 என்று லட்சம், கோடி முறையில் காற்புள்ளி இடுவதில் தவறே இல்லை. லொகேலை மலேசியத் தமிழுக்கோ சிங்கப்பூர்த் தமிழுக்கோ மாற்றினால் 1,234,567.50 என்று அந்நாட்டு வழக்குக்கு மாறுவதையும் கண்டேன். ஏற்றுமதி செய்வோருக்கு இது பயன்படும். சுருக்க வடிவம்தான் ஏமாற்றம் அளித்தது. நான் சோதித்த பதிப்பில் 1,50,000 என்பது ‘150 ஆயிரம்’ என்றும், 15,00,000 என்பது ‘1.5 மில்லியன்’ என்றும் வந்தன. சேலத்து வெள்ளி வியாபாரி எவரும் ஒன்றரை லட்சத்தை நூற்றைம்பது ஆயிரம் என்று சொல்ல மாட்டார். இதே நிரலகம் இந்தி லொகேலில் லட்சத்தையும் கோடியையும் முறையாகத் தருகிறது என்பதால், இது நிரலின் குறையன்று, தமிழ்த் தரவின் குறை.

நேர வடிவமும் இத்தகையதே. இயல்பான வடிவில் இரவு ஒன்பது மணியும் ‘பிற்பகல் 9:00’ ஆகிறது. பொழுதைப் பகுத்துச் சொல்லும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று அழகாகவே வருகிறது; ஆயினும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை ‘அந்தி மாலை’ என்று அச்சாகிறது. எட்டரை மணிக்குப் பட்டறையைப் பூட்டிச் செல்பவர் கையில் ‘அந்தி மாலை 8:30’ என்ற ரசீதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 24 மணி நேர வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

எழுத்துகளைக் கையாளும் பகுதி மிக நுட்பமானது. ‘கொலுசு’ என்னும் சொல்லில் ஆறு குறியெண்கள் உள்ளன. ஆனால் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்துகள்தான். ஐசியு அதை மூன்றாகவே எண்ணுவதால், குறுகிய பில் தாளில் பெயரை வெட்டும்போது கொம்பும் காலும் தனியே அறுந்து விழுவதில்லை. கொ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம் என்பதால், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரு ‘கொலுசு’கள் தேடலில் ஒன்றையொன்று காணாமல் போகும்; இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. க்ஷ மட்டும் இரண்டாகவே எண்ணப்படுகிறது. ‘லக்ஷ்மி’ என்று பெயர் கொண்ட வாடிக்கையாளர்கள் எங்கள் பக்கம் நிறைய இருப்பதால், வெட்டும் இடத்தில் அதற்கு ஒரு தனி விதி எழுத வேண்டியிருந்தது.

தமிழ் மாதங்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம். இந்திய நாட்காட்டி என்று இதில் இருப்பது மார்ச் 22-இல், நெட்டாண்டில் மார்ச் 21-இல், தொடங்கும் சக ஆண்டு. ஆடிப்பெருக்குக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளைக் குறிக்க அது உதவாது.

சோதனை எழுதுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அச்சாகும் உரையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். 2022-இல் வந்த சிஎல்டிஆர் 42-ஆம் பதிப்பு ஆங்கில நேர வடிவில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாகக் குறுகிய இடைவெளிக் குறி ஒன்றை வைத்ததால், உலகெங்கும் பல சோதனைகள் முறிந்தன. தமிழ்த் தரவும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியதே.

வரிசையாக்கம், காற்புள்ளி, எழுத்துப் பகுப்பு ஆகிய மூன்றையும் இப்போது ஐசியுவிடமே விட்டிருக்கிறேன். லட்சம், கோடி சுருக்கத்தை மட்டும் நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். சிஎல்டிஆர் தரவில் திருத்தத்தை முன்மொழிய வழி இருக்கிறது; மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் மில்லியனை அப்படியே வைத்துக்கொண்டு, பொதுத் தமிழுக்கு லட்சத்தையும் கோடியையும் தர வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். தமிழில் வணிக மென்பொருள் எழுதும் மற்றவர்களும் அதையே கேட்டால், நான் எழுதிச் சேர்த்த அந்தச் சிறு நிரலை நீக்கிவிடலாம்.