கண்மாய்ப் பக்கம் மனை: எல்லைக் கல்லா, மீட்டர் கணக்கா, கலுங்கு மட்டமா?

மதுரையைச் சுற்றி மனை பார்க்கப் போகிறவர்களுக்குத் தரகர் சொல்லும் முதல் வாக்கியம் மாறுவதே இல்லை. "பட்டா இடம் அண்ணே, புறம்போக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது." பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான். கார்த்திகை மழையில் அதே மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும் உண்மைதான். நீர்நிலை எங்கே முடிகிறது என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். நாட்டில் நான்கு அளவுகோல்கள் புழங்குகின்றன. வைகைக் கரைக்கும் கண்மாய்க் காட்டுக்கும் (பாசன ஏரியைத்தான் நம் பக்கம் கண்மாய் என்கிறோம்) எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

முதலாவது, நாம் பழகிய சர்வே எல்லை. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இதை வைத்துத்தான் நடக்கிறது. கண்மாயை அளந்து, எல்லையை அறிவித்து, உள்ளே இருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றுவது அதன் முறை. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய தெளிவு இதில் இருக்கிறது. புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், கோடு இருக்கிறது, கோட்டுக்கு உள்ளே கட்டினால் ஆக்கிரமிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீர் புலப்படம் படித்துவிட்டு வருவதில்லை. கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் உள்வாய், நிலம் மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டே போகும். கண்மாய் முழுதாகப் பெருகும் ஆண்டில் உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்களிலும் நீர் ஏறி நிற்கும். நீர் வற்றிய பிறகு அதில் உழுது விதைப்பது பழைய வழக்கம். வெள்ளாமைக்கு அது கெடுதல் இல்லை, வீட்டுக்குத்தான் கெடுதல். அந்த நிலத்துக்குப் பட்டா உண்டு என்பதால் 2007 சட்டம் அதைத் தொடாது. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகளும் நீர்நிலையில் விழும் மனைகளைத்தான் விலக்கின. உள்வாய்ப் பட்டா அந்தச் சல்லடையில் நிற்காது.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதில் வழக்கமாக வரும் நிபந்தனை, மனையை இன்ன உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்து என்பது. உயர்த்தியவர் பிழைத்துக்கொள்வார். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். மதுரையின் புறநகர்த் தெரு எதிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் கட்டிய வீட்டின் வாசல்படி தெருவுக்குக் கீழே கிடக்கும். அடுத்த வீடு அதைவிட இரண்டடி மேலே. கடைசியாக வந்தவர் இன்னும் இரண்டடி மேலே. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் முதல் வீட்டுக்காரர் வாசலில் செங்கல் அடுக்குகிறார். சட்டப்படி யார் மீதும் குற்றம் இல்லை. (அரசும் இந்த விஷயத்தில் முன்மாதிரி அல்ல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய் நிலத்தில்தான் எழுந்து நிற்கிறது.)

இரண்டாவது, மீட்டர் கணக்கு. நீர்நிலையிலிருந்து இத்தனை மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளைக் காட்டி "50 மீட்டருக்குள் கட்டக் கூடாது" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விதியை ஒருமுறை படித்தால் போதும், நம் ஊருக்கு அது எட்டாது என்பது தெரிந்துவிடும். ஈரநிலம் எது என்று சொல்லும் இடத்திலேயே ஆற்றுப் போக்கையும், நெல் வயலையும், பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் அது கழித்துவிடுகிறது. வைகை ஆறு, கண்மாய்கள் பாசனத்துக்கு வெட்டியவை. மிச்சம் என்ன இருக்கிறது?

இதில் நிஜமாகவே மோதிப் பார்த்த ஊர் பெங்களூரு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் விடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ரத்து செய்ததும் பெருந்திட்டத்தில் இருந்த 30 மீட்டரே நிலைத்தது. கண்மாயைப் பொறுத்தவரை 75 ஆனாலும் 30 ஆனாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உள்வாயில் 500 அடிக்கு ஓர் அடிதான் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓர் அடி கூடுதலாக ஏறினால் 500 அடி தூரம் பரவிவிடும். அங்கே 30 மீட்டர், அதாவது நூறடி, எந்த மூலைக்கு?

ஆனால் பெங்களூரிடம் நாம் வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதி வேறு. ஏரியோடு நிறுத்தாமல், மழைநீர் ஓடும் ராஜகால்வாய்களுக்கும் அளவுக்கேற்ப 50, 25, 15 மீட்டர் என்று அந்தப் பெருந்திட்டத்தில் இடம் ஒதுக்கினார்கள். மதுரையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரு கண்மாயின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் நீர்தான் அடுத்த கண்மாயின் வரத்து. நடுவில் ஒரு வாய்க்காலைக் குறுக்கிவிட்டால், கண்மாய் எல்லையை எவ்வளவு காத்தும் பயன் இல்லை. 2024 அக்டோபரில் பெய்த ஒரே மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்ததே, செல்லூர்க் கண்மாயின் நீரை வைகைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய பந்தல்குடிக் கால்வாய் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். 2025 மே கடைசியில் முதல்வர் வந்தபோது அதைத் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி வெளியானதும் அவரே நேரில் போய்ப் பார்த்தார். கிருதுமால் நதி நகருக்குள் சாக்கடையாகிப் பல காலம் ஆகிறது. நகருக்குள் இந்தக் கால்வாய்களுக்கு மீட்டர் கணக்கைத் தவிர வேறு மருந்து இல்லை.

கேரளம் மூன்றாவது வழியில் போனது. 2008 நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஊர்தோறும் எது வயல், எது ஈரநிலம் என்று பட்டியல் போட வேண்டும். போடும் குழுவில் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் மூவர். பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பது நல்ல விஷயம். ஆனால் 2018 திருத்தம், பட்டியலில் வராமல் விடுபட்ட நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி வைத்தது. பட்டியலில் சேர்க்காமல் விடவைப்பதே ஒரு தொழிலாகிவிடும் ஆபத்து நம் ஊரில் குறைவு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கடைசியாக, வெள்ள மட்டம். மத்திய அரசு 1975இலேயே வெள்ளச் சமவெளி மண்டல மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், பழைய ஜம்மு காஷ்மீர் மட்டுமே சட்டமாக்கின. இந்த முறையின் யோசனை எளிது. 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ள மட்டத்துக்கு மேலேதான் குடியிருப்பு. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவற்றுக்கு 100 ஆண்டு வெள்ளம். அடிக்கடி மூழ்கும் தாழ்வில் பூங்காவும் மைதானமும். தூரத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பார்க்கிறது.

வைகைக்கு இதைச் செய்யப் பழைய நீர்வரத்துக் கணக்குகளோடு உட்கார வேண்டும். 1959இல் அணை வந்ததோடு ஆறு அடங்கிவிட்டது என்று நினைப்பது தவறு. அணைக்குக் கீழே கொட்டும் மழையை அணை பிடிக்காது. கண்மாய்க்கோ அந்தக் கணக்கில் பாதி ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. கண்மாய் நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடக் கட்டிய கல் தடுப்புதான் கலுங்கு. அதன் தலைமட்டம்தான் முழுக் கொள்ளளவு மட்டம். மறுகால் பாயும்போது நீர் அதற்கும் சற்று மேலே நிற்கும். அந்த உயரத்தை உள்வாய் முழுக்கக் கொண்டுபோய்க் கோடு போட்டால், பட்டாவோ புறம்போக்கோ, நீர் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

என் ஓட்டு இதற்குத்தான், கால்வாய்களுக்கு மட்டும் பெங்களூரு முறையைச் சேர்த்து. ஓட்டை இதிலும் உண்டு. உள்வாயில் வீடு வந்ததும் இரவோடு இரவாகக் கலுங்கை உடைத்து மட்டத்தைத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கலுங்கு மட்டத்தை அரசிதழில் எண்ணாகப் பதிந்துவிட வேண்டும்; கல் போனாலும் எண் நிற்கும். பட்டாதாரருக்கு நட்டஈடு என்ன என்ற கேள்வியும் வரும். வீடு கட்டத் தடை, விவசாயத்துக்குத் தடை இல்லை என்று எழுதினால் அந்தத் தொகை குறையும், மறையாது.

சட்டம் வரும்வரை மனை வாங்குகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை. லெவல் கருவி வைத்திருக்கும் தனியார் சர்வேயரைக் கூப்பிட்டு, அருகிலுள்ள கண்மாயின் கலுங்குத் தலைக்கும் மனைக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மனை கீழே இருந்தால் தரகரிடம் விலை பேசிப் பயன் இல்லை.