இரண்டு நோய்க்கும் ஒரே கோப்பு: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிகிச்சை மையம்

விசைப்படகுத் தொழிலாளியான என் தம்பிக்கு, மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயும் குடிநோயும் சேர்ந்தே இருக்கின்றன. முன்பு போன ஓரிடத்தில், குடியை நிறுத்திவிட்டு வந்தால்தான் மனநோயைப் பார்ப்போம் என்றார்கள். மற்றோரிடத்தில், மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவரைச் சேர்ப்பதில்லை என்றார்கள். இந்த அலைச்சலிலேயே மூன்று ஆண்டுகள் போயின. இரண்டுக்கும் ஒரே குழு சிகிச்சை தருகிற இந்த மையத்தில் சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் அவனைச் சேர்த்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது என்பதால், தொழிலை நினைத்துப் பாதியில் கிளம்ப மாட்டான் என்று அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தவர் மருத்துவரே.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை. அதனால் அம்மா உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது கட்டில் கால்களைத்தான். சங்கிலி இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதைத் தடை செய்திருப்பதைச் செவிலியர் பொறுமையாக விளக்கினார்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சோற்றில் கலந்து ஏதாவது மருந்து கொடுத்தீர்களாம்மா?" என்பது. கொடுத்திருந்தோம். குடியை விடுவதற்கான டைசல்பிராம் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால், அவர் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும், அது மனநோய் அறிகுறிகளைக் கிளப்பிவிடக்கூடும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. குடியை நிறுத்திய முதல் சில நாட்கள் நடுக்கமும் பிதற்றலும் வரலாம் என்று இரவும் பகலும் கண்காணித்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள்.

நான் மிகவும் மதிப்பது அதன் பிறகு நடந்ததை. அவன் தூங்காமல் திரிந்த நாட்களையும் குடித்த நாட்களையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுத வைத்து, தூக்கமின்மை குடிக்கு முன்பே தொடங்கியிருப்பதைக் காட்டினார்கள். குடியில்லாமல் மூன்று வாரம் கழிந்த பிறகு மறுபடியும் பரிசோதித்தே மனநோயை உறுதிசெய்தார்கள். கல்லீரல் சோதனை முடிவு சரியில்லாததால் மனநிலையைச் சீராக்கும் மருந்துகளில் வால்ப்ரோயேட்டைத் தவிர்த்து லித்தியத்தைத் தேர்ந்தார்கள். ஆனால் கடல் வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறிவிடும். ஆகவே படகில் எவ்வளவு தண்ணீர் ஏற்றுவான், எத்தனை மணி நேரம் வலை இழுப்பான் என்றெல்லாம் கேட்டுத் திட்டத்தில் எழுதினார்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உடனே கரைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. லித்தியம் அளவுக்கான இரத்தம் மதுரைக்குப் போவதால் முடிவு வர நான்கு நாட்களாகின்றன; இந்த மருந்துக்கு அது மிகவும் தாமதம். குடும்பக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் மீன் விற்கப் போகும் பெண்கள் எப்படி வருவார்கள்? இரண்டு முறை சொல்லியும் நேரம் மாறவில்லை. சாப்பாடு பரவாயில்லை.

ஆகஸ்டில் அவன் ஒரு நாள் குடித்துவிட்டான். குடித்துவிட்டால் ஒளிக்காமல் மறுநாளே வர வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று திட்டத்தில் எழுதியிருந்ததால் அவனாகவே பேருந்து ஏறிப் போனான். யாரும் திட்டவில்லை, வெளியேற்றவுமில்லை. மீன்பிடியில் அவன் பங்குப் பணம் கைக்கு வந்த மாலையில்தான் குடித்தான் என்று கண்டறிந்து, அந்தப் பணத்தை அம்மாவிடம் கொடுக்கலாமா என்று அவனிடமே கேட்டு, அவன் சம்மதித்த பிறகு அந்த வரியையும் திட்டத்தில் சேர்த்தார்கள்.