பெர்ஷியன் குட்டியா, காப்பகப் பூனையா?

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பூனை வளர்க்க ஆசைப்படும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெர்ஷியன் குட்டிதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாலக்காட்டு வெயிலில் அதன் பாட்டை யோசிக்க வேண்டும். தட்டை மூக்கு என்பதால் வெப்பம் ஏறினால் மூச்சு வாங்கும். கண்ணீர் வழிந்து மூக்கோரம் பழுப்பாகக் காய்ந்திருக்கும். ஈரத்துணியால் தினமும் துடைத்தாக வேண்டும். நாள்தோறும் சீவாவிட்டால் அக்குளிலும் வயிற்றிலும் முடி சடை பிடித்துத் தோலை இழுக்கும். படர்தாமரை வந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும்.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் அதிகம். குட்டியின் தாய், தகப்பன் பூனைகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்த சான்றைக் கேளுங்கள். தாய்ப்பூனையை நேரில் பாருங்கள். இரண்டுக்கும் மழுப்புகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். 8 வாரம் நிறையாத குட்டியும் வேண்டாம்.

கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் நாட்டுப் பூனைகள். குட்டை முடி, இந்த வெயிலுக்குப் பழகிய உடம்பு. வளர்ந்த பூனை என்றால் குணமும் தெரிந்துவிடும்: மடிக்கு வருமா, பிள்ளைகளைக் கண்டால் சீறுமா என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்தனவா, பூனைக்குப் பூனை தொற்றும் லுகேமியா வைரஸுக்கான பரிசோதனை நடந்ததா என்று மட்டும் விசாரியுங்கள். அடிபட்டு வந்த பூனை சில வாரங்கள் கட்டிலுக்கடியிலேயே கிடக்கலாம். வற்புறுத்தித் தூக்கக் கூடாது.

நான் காப்பகப் பூனையின் பக்கம்தான். பெர்ஷியன்தான் வேண்டுமென்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தாலும் முதலில் காப்பகத்தில் கேளுங்கள். வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட பெர்ஷியன்களும் அங்கே வந்து சேர்வதுண்டு.