கும்பகோணத்தில் ஆடிய யூ.எஸ்.பி. போர்ட், ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்றது

ஊருக்குப் போகும்போது லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூ.எஸ்.பி. இணைப்பு விட்டு விட்டு வந்தால் கோளாறு எந்த இடத்தில் என்று வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவருக்கும், "ஏதோ வேலை செய்யலீங்க" என்று நீட்டுகிறவருக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. நான் இருக்கும் டொராண்டோ பக்கம் போர்ட் ஆடுகிறது என்று விசாரித்த இடங்களில் எல்லாம் புது லேப்டாப் வாங்கத்தான் சொன்னார்கள். நம் ஊரில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் பிரித்து, கெட்டுப்போன ஒற்றைப் போர்ட்டை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லவே முக்கியமாக இந்தப் பதிவு.

அத்தை கும்பகோணத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு கோவையில் தங்கப் போகிறார். பரணில் இருந்த ஆல்பங்கள், தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குடும்பத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுப்பது என்று பேசி வைத்திருந்தோம். என் ஸ்கேனருக்குத் தனியாக மின்சாரம் வேண்டாம், யூ.எஸ்.பி. வழியாகவே எடுத்துக்கொள்ளும். சேமிக்க ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். பத்திரம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேனர் நின்றுவிடும். லேப்டாப்பைச் சற்று நகர்த்தினால் ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் அந்தக் கோப்பு மட்டும் போகும் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபாட்டில் அது ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால், விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறை போல மாற்றங்களைக் குறித்துவைத்து மீளும் ஏற்பாடு அதில் கிடையாது. முழு ஃபோல்டரே திறக்காமல் போகலாம். அத்தையின் ஆல்பங்களுக்கு வேறு பிரதியே இல்லை என்பதால் இதைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, பிரச்சினை கேபிளிலா, கருவியிலா, போர்ட்டிலா என்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே ஸ்கேனரை அதே கேபிளோடு அத்தை மகனின் லேப்டாப்பில் போட்டேன், மணிக்கணக்கில் ஓடியது. ஆக, ஸ்கேனரும் கேபிளும் நல்லவை. என் லேப்டாப்பில் டைப் சி போக, பென்டிரைவ் செருகும் டைப் ஏ போர்ட் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கத்துப் போர்ட்டில் பென்டிரைவைச் செருகி விரலால் லேசாகத் தொட்டாலே மேலும் கீழும் ஆடியது. வலப்பக்கத்தில் ஆட்டமே இல்லை, செருகினால் இறுக்கமாக நிற்கிறது; ஆனாலும் லேப்டாப்பைத் தூக்கினால் இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் அறுந்தன.

இந்த இரண்டு அறிகுறிக்கும் காரணம் வேறு வேறு. ஒரு போர்ட் மட்டும் தனியாக ஆடினால், அதன் உலோகக் கூட்டைப் போர்டோடு பிடித்திருக்கும் கால்களில் சால்டர் (உருக்கி ஒட்டிய உலோகப் பற்று) விரிசல் விட்டிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். ஒரே பக்கத்துப் போர்ட்டுகள் சேர்ந்து போனால் சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ரிப்பை. பல லேப்டாப்களில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் சின்ன சப் போர்டு ஒன்றில் இருக்கும்; அதிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு தட்டையான ஸ்ட்ரிப் கேபிள் ஓடும். அது லாக்கில் சரியாக உட்காரவில்லையென்றால் இப்படித்தான் ஆகும்.

எதுவும் ஆடவில்லை, ஆனாலும் அறுகிறது என்றால் விண்டோஸ் அமைப்பைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம்பிடிக்க, சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. கருவியை அது தூங்க வைக்கும். டிவைஸ் மேனேஜரில் 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்' என்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் இப்படித் தூங்க வைப்பது நிற்கும். போர்ட் தரும் மின்சாரத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. பழைய 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், நீல நிற 3.0 போர்ட்டுக்கு 900. ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போதுதான் அதிகமாக இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் வந்து சுழலாமல் நின்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நீளமான மலிவுக் கேபிளை எடுத்துவிட்டுக் குட்டையான ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தனி அடாப்டர் உள்ள ஹப் இருந்தால் இன்னும் நல்லது. வயர்லெஸ் மவுஸ் மட்டும் திக்கித் திணறினால் அது லூஸ் காண்டாக்டே இல்லை. 3.0 வேகத்தில் ஓடும் கருவி 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். மவுஸோடு வந்த சின்ன ரிசீவரான டாங்கிளை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் முதலில் காட்டினேன். கடைப் பையன் லேப்டாப்பை அணைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் போர்ட்டுகளைத் துடைத்துக் காயவைத்தான். டைப் சி போர்ட்டின் அடியில் அடைந்திருந்த பஞ்சைப் பல்குச்சியால் எடுத்தான். ஊசியையோ சேஃப்டி பின்னையோ அங்கே விடவே கூடாது என்று அவன் சொன்னது ரொம்பச் சரி. உள்ளே இருக்கும் முனைகள் வளைந்தால் போர்ட்டே போய்விடும். டைப் சி ஒழுங்காக உட்கார்ந்தது. மற்றவை மாறவில்லை. "அக்கா, இது போர்டு வேலை. எங்ககிட்ட அதுக்கு மெஷின் இல்ல. மெட்ராஸ் போறப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல காட்டிடுங்க" என்றான். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு அது. துடைத்ததற்குக் காசும் வாங்கவில்லை. தன்னால் முடியாததை முடியாது என்று சொல்கிற கடைக்காரர் எங்கே இருந்தாலும் அவரைக் கொண்டாட வேண்டும்.

சென்னையில் அந்த லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனேன். டோக்கன், காத்திருப்பு, குளிர்ந்த அறை, மரியாதையான பேச்சு எல்லாம் இருந்தது. கனடாவில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லாது என்றார்கள். போர்ட்டை மட்டும் மாற்ற மாட்டோம், மதர்போர்டுதான் மாற்றுவோம், 38,000 ரூபாய், பாகம் வர இரண்டு வாரம் என்றார்கள். வலப்பக்கத்து ஸ்ட்ரிப்பைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வகுத்துக் கொடுத்த முறை அப்படி. ஆனால் போர்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பாகத்துக்காக மொத்தப் போர்டையும் குப்பையில் போடும் அந்த முறை தப்பு என்று அழுத்தமாகவே சொல்வேன். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறது. கவுன்ட்டருக்கு அதன் காற்று இன்னும் வரவில்லை.

மதர்போர்டு மாற்ற ஒப்புக்கொள்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், போர்டு மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோவில் போகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வாசலில் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்களைத் தாண்டி உள்ளே போங்கள். "சிப் லெவல் சர்வீஸ்" என்ற பலகை எல்லாக் கடையிலும் தொங்குகிறது. பலகையை நம்பாமல் மேசையைப் பாருங்கள். மைக்ரோஸ்கோப், சூடான காற்றடிக்கும் ஹாட் ஏர் கருவி, சால்டர் புகையை இழுக்கும் ஃபேன், நிலைமின்சாரம் இறங்க எர்த் கம்பி போட்ட ரப்பர் விரிப்பு, இவ்வளவும் மேசையில் இருந்து, வேலை நம் கண் முன்னால் நடக்கிறதென்றால் கொடுக்கலாம். "விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்ற இரண்டு கடைகளை விட்டுவிட்டேன்.

மாடியில் ஒரு சின்ன அறை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர். நான் சோதித்ததையெல்லாம் சொன்னதும், "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். வலப்பக்கத்து ஸ்ட்ரிப் ஒரு ஓரம் லாக்குக்கு வெளியே நின்றது, எனக்கே தெரிந்தது. எடுத்து, முனையைத் துடைத்து, நேராகச் செருகி லாக்கை அழுத்தினார். அவ்வளவுதான், இரண்டு போர்ட்டும் திரும்பின.

இடப்பக்கம் பெரிய வேலை. மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்: கூட்டின் இரண்டு கால்களைச் சுற்றிலும் முடியிழை போல விரிசல். 3.0 போர்ட்டில் ஒன்பது முனைகள். அதில் உள்வரிசையில் ஒன்று கறுத்திருந்தது. பக்கத்துப் பாகங்களைக் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் மூடி, சால்டர் ஒழுங்காக ஓட உதவும் பிளக்ஸ் தடவி, பழைய சால்டரோடு ஈயம் கலந்த சால்டரைச் சேர்த்து உருக்கினார். காரணம் கேட்டேன். தொழிற்சாலையில் போடும் ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரி வாக்கில்தான் உருகும், ஈயம் கலந்தது 183 டிகிரியிலேயே உருகிவிடும்; இரண்டையும் கலந்தால் குறைந்த சூட்டிலேயே போர்ட் கழன்று வரும், போர்டின் செம்புத் தடம் உரியாது. அவசரப்பட்டு இழுத்துத் தடத்தை உரித்துவிட்டால் பிறகு அந்தத் தடத்துக்குப் பதிலாக ஜம்பர் கம்பி இழுப்பதுதான் கதி என்றார். புதுப் போர்ட்டை உட்காரவைத்ததும் முதலில் மல்டிமீட்டரில் ஐந்து வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் பேட்டரியை மாட்டினார். பொறுமையான அந்தக் கைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல மணி நேரம்.

ஸ்ட்ரிப் வேலையும் சேர்த்து 1,400 ரூபாய். ரசீது கொடுத்தார், மூன்று மாத உத்தரவாதமும் எழுதினார். பாஸ்வேர்ட் கேட்கவில்லை, நானே திறந்து, நானே சோதித்தேன். நீங்கள் போகும் கடையில் கேட்டால் சாதாரணக் கணக்கு ஒன்று தனியாக உருவாக்கிக் கொடுங்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள்.

கடையிலிருந்து கிளம்பும் முன் ஒரு சோதனை அவசியம். பெரிய வீடியோ ஒன்றை ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். வேகம் நொடிக்கு 30, 40 எம்.பி.யிலேயே நின்றால் 3.0 முனைகள் ஒட்டவில்லை, பழைய 2.0 இணைப்பில் ஓடுகிறது என்று பொருள். எனக்கு 100-ஐத் தாண்டியது. நகல் ஓடும்போதே கேபிளை மெதுவாக அசைத்துப் பார்த்தேன், அறுபடவில்லை.

வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே வாங்கிய லேப்டாப்பின் மூன்று முனை பிளக்கை இரண்டு முனை கன்வெர்ட்டரில் செருகிச் சுவரில் போடுகிறோம். அடாப்டர் 240 வோல்ட் வரை தாங்கும், அதில் கவலையில்லை. ஆனால் எர்த் இணைப்பு போய்விடுகிறது. உலோக உடலைத் தொட்டால் சுரீரென்று இருப்பதும், டச்பேட் தானாகத் தாவுவதும், மைக்கில் உம்மென்று இரைச்சல் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். அதை யூ.எஸ்.பி. கோளாறு என்று நினைத்து போர்டைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே நம் அடாப்டருக்குப் பொருந்தும் இந்திய மூன்று முனைப் பவர் கார்டு கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வீட்டில் எர்த் சரியாக இருக்கும் பிளக் பாயிண்டில் போடுங்கள்.

டைப் ஏ போர்ட்டின் அடிப்படைக் கணக்கே 1,500 முறை செருகி எடுப்பதுதான். டைப் சிக்கு 10,000. தினம் பலமுறை பென்டிரைவ் போட்டு எடுக்கிறவர்கள் ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் கேபிளைப் போர்ட்டிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டு, தேய்மானத்தை அதன் தலையில் போடுங்கள் என்று மாடிக்காரர் சொல்லி அனுப்பினார். அதையும் அங்கேயே வாங்கினேன். கும்பகோணம் திரும்பி, மிச்சமிருந்த பத்திரங்களையும் ஆல்பங்களையும் ஸ்கேன் செய்து முடித்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனியாக நகல் எடுத்தாயிற்று. ஒன்று அத்தையோடு கோவைக்குப் போகிறது.