நித்தியகல்யாணி: கஷாயமா, ஊசியா?

மண்டபம், தொண்டிப் பக்கத்து மணலில் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற நித்தியகல்யாணிதான் கஷாயம், புற்றுநோய் ஊசி இரண்டுக்கும் மூலப்பொருள். புற்றுநோய் முற்றிவிட்டது என்றதும், "ஊசியே இதிலிருந்துதானே வருது, இலையைக் காய்ச்சிக் குடிச்சா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இந்தச் செடியிலிருந்து வரும் ஊசி மருந்துகளில் ஒன்றான வின்பிளாஸ்டின் ஒரு கிராம் எடுக்கக் காய்ந்த இலை ஏறக்குறைய 500 கிலோ வேண்டும். ஒரு கைப்பிடியில் என்ன இருந்துவிடும்? வாய்வழி போனால் அதுவும் சரியாக உறிஞ்சப்படாது. ஆனால் செடியிலுள்ள மற்ற ஆல்கலாய்டுகள் (தாவர வேதிப்பொருட்கள்) சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். சுகர் மாத்திரை போடுபவர் வெறும் வயிற்றில் குடித்தால் வியர்த்து மயங்கலாம். புற்று சுருங்காது, ஆள்தான் சரிவார்.

இதே செடியிலிருந்து வரும் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் ஊசியை உடல் பரப்பளவுக்குக் கணக்கிட்டு, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மிகாமல், ரத்தக் குழாய் (சிரை) வழி மட்டுமே ஏற்றுவார்கள். வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். கை எரிந்தால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்ல வேண்டும். விரல் மரத்துப்போவதும் கடும் மலச்சிக்கலும் வழக்கம். மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்றில்தான் இதற்கு முக்கிய இடம், எல்லாப் புற்றுக்கும் இல்லை.

கீமோ நடக்கும்போது கஷாயமும் குடித்தால், வெள்ளணு குறைந்தது எதனால் என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் ஓடாமல், முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.