குலை வெட்டுகிறவர்களுக்கும் புல் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு நல்ல பாதுகாப்புக் கண்ணாடி

சுங்கை சிப்புட் டவுன் இரும்புக் கடையில் 22 வெள்ளிக்கு வாங்கினேன். ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டி உட்காரும், தலைக்குப் பின்னால் பட்டையை இழுத்து மாட்டும் ரகம். வீட்டுக்காரர் செம்பனையில் குலை வெட்டுகிறார், லீவு நாளில் புல் மெஷினும் தூக்குவார். நான் ஆஸ்பத்திரி கண் வார்டில் மிஸ்ஸி (நர்ஸ்), அதனால் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

கண்ணில் அடிபட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலை செய்கிற வயசு ஆம்பளைகள், கேட்டால் கண்ணாடி போடவில்லை என்பார்கள். பிளேடு கல்லில் பட்டுத் தெறித்த துண்டு, இரும்பை இரும்பால் அடிக்கும்போது பறக்கிற சில்லு, அப்புறம் அண்ணாந்து மட்டை வெட்டும்போது கண்ணுக்குள் கொட்டுகிற தூசி, முள். இந்தக் கடைசியைத்தான் லேசாக நினைக்கிறார்கள். கீறல் சின்னதுதான், ஆனால் செடி கொடி பட்ட கீறலில் பூஞ்சை ஏறினால் சில நாளில் கருவிழி புண்ணாகி வெள்ளை படரும், அதற்குள் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டிருந்தால் இன்னும் மோசம், பூ விழுந்த கண்ணோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். லென்ஸ் பாலிகார்பனேட். ஓரத்தில் இசட்87+ (Z87+) என்று பொறித்திருக்கிறது, அந்தக் கூட்டல் குறி இருந்தால்தான் வேகமாக வந்து மோதுவதைத் தாங்கும் என்று சோதித்த சரக்கு. அதைப் பார்த்து வாங்குங்கள். பலர் மாட்டுகிற கம்பி வலைக் கண்ணாடி கல்லைத் தடுக்கும், தூசியையும் தோட்டத்தில் அடிக்கிற மருந்தின் துளியையும் தடுக்காது. இதில் காற்றுத் துளைகளுக்கு மேல் மூடி இருப்பதால் மருந்தடிக்கிறவர்களுக்கும் ஆகும்.

குறை ஒன்று. வெயில் ஏறினால் லென்ஸில் ஆவி படிகிறது, வீட்டுக்காரர் கழற்றிவிடுவாரோ என்பதுதான் என் கவலை. ஆவி படியாத ரகம் கொஞ்சம் விலை கூட, அதையே வாங்குங்கள். கடைக்காரர் போட்டுப் பார்க்க விட்டார், பட்டையையும் அளவு பார்த்துச் சரி செய்து கொடுத்தார்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முதலில் மண்டோரிடம் (கங்காணியிடம்) கண்ணாடி கேளுங்கள். மலேசியாவின் 1994 தொழில் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு முதலாளி உங்களிடம் காசு வாங்கக் கூடாது. மருந்து கண்ணில் தெறித்தால் உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவிவிட்டு வாருங்கள். ஏதாவது குத்தி நின்றால் கழுவவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.