கயிற்று டிரம்மா, திருகு டிரம்மா: பழைய அடிகளை எதில் பழகுவது?

ஈரமான ஜூலைக் காலையில் கயிற்று டிரம்மைத் தட்டினால் ‘தொப்’ என்றுதான் கேட்கும். கன்றுத்தோல் இரவெல்லாம் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து போயிருக்கும். டிரம்மை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கயிற்றில் கோத்திருக்கும் தோல் காதுகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுக்க வேண்டும். ஒரு காது, அப்புறம் அதற்கு நேர் எதிரே இருக்கும் காது, இப்படி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு சுற்று முடிந்ததும் தட்டிப் பார்ப்பது, பிறகு இன்னொரு சுற்று. மூன்றாம் சுற்றில் ‘தொப்’ போய் ‘டப்’ வரும். அடித்தோலின் மேல் கிடக்கும் குடல் நரம்புகளும் கூடச் சேர்ந்து சிலிர்க்கத் தொடங்கும். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் நான் சேர்ந்த ஃபைஃப்-டிரம் குழுவில் (ஃபைஃப் என்பது சின்னப் புல்லாங்குழல்) எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான்.

‘ரூடிமென்ட் முறையில் ஸ்நேர் டிரம் பழகணும், எதை வாங்கலாம்?’ என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் திருகாணி டிரம் ஒருபுறம், பழைய கயிற்று டிரம் மறுபுறம். பழைய அடிகள்தான் வேண்டும் என்றால் கயிற்று டிரம்தான் என்பது என் முடிவு. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் நியாயம் நிறைய இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில், ரூடிமென்ட் என்றால் என்ன? இரண்டு கைகளுக்கும் வகுத்து வைத்த அடிச்சொல். மிருதங்கம் பழகுகிறவர் ‘தகதிமி’ என்று வாயால் சொல்லிவிட்டுக் கையில் கொண்டுவருவதுபோல, இங்கேயும் பெயரிலேயே ஒலி இருக்கிறது: ஃப்ளாம், பாரடிடில், ராட்டமக்யூ. ‘ஃப்ளாம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஒரு கை மெல்லத் தொட, அதை ஒட்டியே மறுகை பலமாக விழுவது காதில் கேட்கும். நீண்ட உருட்டலைக் குழந்தைகளுக்கு ‘டாடி மம்மி’ என்று சொல்லிக்கொடுப்பார்கள்: வலக்கை இரண்டு, இடக்கை இரண்டு. படைமுகாமில் வீரர்களை எழுப்பவும் அணிவகுக்கச் சொல்லவும் டிரம்மே கட்டளையாக இருந்த காலத்தில் வளர்ந்த கலை இது. 1812இல் சார்லஸ் ஆஷ்வொர்த் பாஸ்டனில் ஒரு கையேட்டை அச்சிட்டார். 1869இல் கார்டினர் ஸ்ட்ரூப் 25 பாடங்களாக வகுத்தார். 1933இல் சிகாகோவில் கூடிய டிரம் கலைஞர்கள் அதை 26 ஆக்கினார்கள். 1984இல் வந்த பன்னாட்டுப் பட்டியலில் 40 இருக்கின்றன. ஆஷ்வொர்த்தும் ஸ்ட்ரூப்பும் எழுதியதெல்லாம் கயிற்று டிரம்மை மடியிலும் தோளிலும் வைத்துக்கொண்டு எழுதியவை. அந்தக் கருவியின் குணம் அடிகளுக்குள்ளேயே ஊறியிருக்கிறது.

அந்தக் குணம் கட்டுமானத்திலிருந்து வருகிறது. கயிற்று டிரம்மில் மேல் வளையத்துக்கும் கீழ் வளையத்துக்கும் இடையே ஒரே கயிறு மேலும் கீழுமாக டிரம்மைச் சுற்றி ஓடுகிறது. காதை இழுத்தால் கயிற்றின் இரண்டு கால்கள் நெருங்கும், வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். அதாவது மேல்தோலும் அடித்தோலும் சேர்ந்துதான் இறுகும், சேர்ந்துதான் தளரும். திருகாணி டிரம்மில் இரண்டு தோலையும் தனித்தனியாகச் சாவி போட்டு முடுக்கலாம். தவிலில் வார் போய் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுருதி நிற்கிறது, நேரம் மிச்சமாகிறது, வித்வானின் முதுகும் தப்பிக்கிறது. அதே லாபம் இங்கேயும் உண்டு.

ஆனால் நான் திருகு டிரம்மைத் தாண்டி வந்ததற்குக் காரணம் சுருதி இல்லை, குச்சி திரும்பி எழும் விதம். இன்றைய அணிவகுப்பு டிரம்களில் பெரும்பாலும் கெவ்லார் இழை சேர்ந்த தோல் போடுகிறார்கள். குண்டு துளைக்காத சட்டைக்கு எடுக்கும் அதே இழை. அதை இறுக்கி வைத்தால் குச்சி மேஜைமேல் விழுந்ததுபோலத் துள்ளும். ஓர் அடி அடித்தால் இரண்டாவதை டிரம்மே போட்டுத் தந்துவிடும். கன்றுத்தோல் அப்படித் தராது. குச்சியைக் கொஞ்சம் உள்வாங்கி, பாதித் துள்ளலைத்தான் திருப்பிக் கொடுக்கும். மீதியைக் கைதான் போட வேண்டும்.

இதை நான் என் கையாலேயே கண்டேன். குழுவில் சேர்வதற்கு முன் ஒரு வருடம், கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கிய திருகு டிரம்மில்தான் பழகினேன். உருட்டல் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். குழு ஆசிரியர் கயிற்று டிரம்மைத் தோளில் மாட்டிவிட்டு, ‘மெதுவாக, ரொம்ப மெதுவாக’ என்றார். முதல் அடி திடமாக விழுந்தது, இரண்டாவது இருக்கிற இடம் தெரியவில்லை. ‘டாடி’யில் ‘டா’ மட்டும்தான் கேட்டது. பழைய கனெடிகட் பாணியில் நேர் எதிராக, ஜோடியில் இரண்டாவது அடியைத்தான் அழுத்திப் போடச் சொல்வார்கள். துள்ளலில் அது கிடைக்காது. மணிக்கட்டைத் திரும்பவும் எடுத்துப் போட வேண்டும், மெதுவான நடையில் முழங்கையும் சேர வேண்டும். எனக்கு அது சரியாக நாலு மாதம் பிடித்தது.

அதனால்தான் அங்கே எந்த ரூடிமென்ட்டையும் தொடக்கத்தில் தாளத்துக்குள் வைப்பதில்லை. திறந்து தொடங்கி, மெல்ல மெல்ல நெருக்கி, உச்ச வேகத்துக்குப் போய், அதே நிதானத்தில் மறுபடி விரித்துக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரே பாரடிடிலை இப்படி ஒருமுறை போட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கயிற்று டிரம்மில் இந்தப் பயணம் முழுக்க ஒவ்வொரு அடியும் தெரியும், எங்கே கை ஏமாற்றுகிறது என்பதும் தெரியும். சான்ஃபோர்டு மோல்லர் என்ற ஆசிரியர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து முதிய டிரம்காரர்களின் கைகளைக் கவனித்து, சாட்டை வீசுவதுபோல் கையை எடுக்கும் முறையை 1925இல் எழுதி வைத்தார். சுண்டுவிரல் பிடியில் தொடங்கி முழுக்கையும் அலைபோல வரும் அந்த வீச்சு, கனத்த குச்சியும் விட்டுக்கொடுக்காத தோலும் கேட்டு வாங்கிய வீச்சு என்பது கயிற்று டிரம்மில் ஒரு மணி நேரம் நின்றாலே விளங்கும்.

திருகு டிரம் பக்கம் என்ன நியாயம்? வேகம். பழைய பாணிக் குழுக்கள் நிமிடத்துக்கு 110 அடியை ஒட்டி நடக்கின்றன, சிலது அதைவிட மெதுவாக. இன்றைய டிரம் கோர் என்னும் போட்டி அணிவகுப்பு அணிகள் 160, 180 என்று சர்வசாதாரணமாகப் போகும். அந்த வேகத்தில் பத்துப் பேர் ஒரே கையாகக் கேட்க வேண்டுமென்றால் கெவ்லார் இறுக்கம் வேண்டும். உங்கள் பிள்ளை அமெரிக்கப் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் சேரப் போகிறான் என்றால் தயங்காமல் திருகு டிரம்மில் விடுங்கள். அங்கே கேட்கும் சுத்தமும் துல்லியமும் வேறு வித்தை, அதற்கும் உழைப்பு வேண்டும்.

பிடியிலும் இந்த வேறுபாடு தெரியும். கயிற்று டிரம் வாரில் தொங்கி இடது தொடைமேல் சாய்ந்து நிற்கும், இடப்பக்கம் உயர்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்காகத்தான் இடக்கை உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரல் இடுக்கில் குச்சியைத் தாங்குகிறது. இன்றைய டிரம் தோள் சட்டகத்தில் தட்டையாக உட்காருகிறது. தட்டையான டிரம்மில் அந்த இடக்கைப் பிடி மரபுக்காக வைத்திருக்கும் பிடி. சாய்ந்த டிரம்மில் அது இல்லாமல் முடியாது. ஏன் என்று தெரிந்து பழகும்போது கை சீக்கிரம் பணியும்.

சரி, கயிறு என்று முடிவு செய்தால் அடுத்த கேள்வி: கன்றுத்தோலா, பிளாஸ்டிக்கா? ஒலியில் கன்றுத்தோலுக்கு ஈடு கிடையாது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன். முதல் வருடம் ஒரு மழை நாள் நிகழ்ச்சிக்காகக் காதுகளை முழுக்க இறக்கி இறுக்கினேன். முடிந்ததும் தளர்த்தாமல் காரில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் நல்ல வெயில். தோல் காய்ந்து சுருங்க, கயிறு விட்டுக்கொடுக்காமல் பிடிக்க, வளையத்தின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. புதுத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, உள்வளையத்தில் சுற்றிச் செருகி, நிழலில் காயவிட்டுத் திரும்ப ஏற்றுவதற்குள் ஒரு வாரம் போனது. தோலோடு வாழத் தெரிந்த பிறகு தோல் போடுங்கள். பிளாஸ்டிக் தோலையும் மிதமாகக் கட்டினால் துள்ளல் அடங்கியே இருக்கும்.

டிரம்முக்குப் பதிலாகச் சத்தமில்லாமல் பழக வைத்திருக்கும் ரப்பர் பேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டில் வேறு வழியில்லை, நானும் தினமும் அதில்தான் சாதகம் செய்கிறேன். துள்ளல் அதிகமாக இருந்தால் மேலே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். வாரம் ஒருமுறையாவது டிரம்மில் நின்றால் போதும்.

யாரிடம் பழகுவது என்பது எதில் பழகுவது என்பதைவிடப் பெரிய விஷயம். தாளில் எல்லா அடிகளும் இருக்கின்றன, இணையத்தில் காணொளிகள் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் ஏழடி உருட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அது இடக்கையில் தொடங்கி வலக்கையில் முடியும், கை மாறாது. தாளில் அது ஒரு சின்னக் குறி. வரிசையில் பத்துப் பேர் நடுவில் நின்று இடது கால் விழும்போது அதைப் போட்டால்தான் ஏன் அப்படி வைத்தார்கள் என்று கால் சொல்லும். கனெடிகட்டில் மூடஸ் என்ற ஊரின் குழு 1860 முதல் இருக்கிறது. பெரிய பழைய டிரம்களை மிக மெதுவாக, மிகப் பலமாக முழக்குவார்கள். ஜூலை மூன்றாம் சனிக்கிழமை அதே மாநிலத்தின் டீப் ரிவரில் இந்தக் குழுக்கள் எல்லாம் கூடும் மஸ்டர் என்னும் விழாவில் பல பாணிகளையும் ஒரே தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். அங்கே தெரு ஓரமாக அரை நாள் நின்றபோது கிடைத்தது எனக்குப் பேட்டில் ஆறு மாதத்தில் கிடைக்கவில்லை.

கயிற்று டிரம் மரபு அமெரிக்காவில் மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கே வருவார்கள். அவர்கள் டிரம்மும் கயிறு கட்டியதுதான், உடல் பெரும்பாலும் உலோகம், ஒலி கனெடிகட் மரக்கட்டையைவிட இறுக்கம். சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள் விடியற்காலை 4 மணிக்கு நகர விளக்குகள் எல்லாம் அணைய, கையால் வரைந்த விளக்குகளோடு டிரம்மும் பிக்கலோ என்னும் சின்னக் குழலும் ஒரே நேரத்தில் தொடங்கும். அங்கிருந்து 72 மணி நேரம் திருவிழா. அந்தக் கொண்டாட்டம் 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஃபிரிட்ஸ் பெர்கர் என்பவர் 1928இல் இவர்களுடைய அடிகளுக்கு ஒரு குறியீடு தந்தார்: ஒரே ஒரு கோடு, ஒரு கை மேலே, மறுகை கீழே. பார்த்த மாத்திரத்தில் புரியும், அமெரிக்கத் தாளைவிட எனக்கு அது எளிது.

ஆனால் அந்தக் கோட்டில் எழுத முடியாத ஒன்று பாசல் நடையில் இருக்கிறது. உருட்டல்கள் கணக்குப்படி சரிசமமாக விழாமல் கொஞ்சம் சாய்ந்து, இழுத்து, உருண்டு வரும். கனெடிகட் பாணி நெல் குத்துவதுபோல ஒவ்வொன்றாக இறங்கும். பாசல் பாணி ஊஞ்சல். தொடக்கக்காரருக்குக் கனெடிகட் பாணியே நல்லது என்று நினைக்கிறேன், ஒவ்வொரு அடிக்கும் அதில் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஊஞ்சலை முதலில் பழகினால் தவறு எது, நடை எது என்று பிரித்துப் பார்க்கக் காது போதாது. ஆனால் நீங்கள் பாசல் பக்கம் வாழும் தமிழர் என்றால் இந்த வாதமே வேண்டாம். அங்குள்ள குழுக்கள் சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்துச் சொல்லிக்கொடுக்கின்றன, பிள்ளையை அங்கே சேர்த்துவிடுங்கள். பாசலிலேயே சுவிஸ் மரீனர்ஸ் என்ற குழு அமெரிக்கப் பாணியிலும் முழக்குகிறது, ஆசை இருந்தால் பிறகு அதையும் பார்க்கலாம்.

பழைய டிரம் ஒன்று விலைக்கு வந்தால், வாங்குமுன் வளையங்களைத் தரையில் தட்டையாக வைத்துப் பாருங்கள், ஆடினால் கோணியிருக்கிறது. கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். வட்டம் கெட்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் ஒருபக்கம் தளர்ந்தே இருக்கும். கயிறு நைந்திருந்தால் கவலை இல்லை, மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக, பித்தளை ஆணிகள் சூழ்ந்த காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். செய்தவர் பெயர்ச்சீட்டு பல டிரம்களில் உள்ளே எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும். கனெடிகட்டின் புளூம்ஃபீல்டில் வாழ்ந்த பழங்கால டிரம் செய்பவர் எலை பிரவுன் பெயர் அதில் இருந்தால் காதை இழுக்காதீர்கள், குச்சியும் வைக்காதீர்கள். ஐவரிடனில் ஃபைஃப்-டிரம் அருங்காட்சியகம் இருக்கிறது, நேராக அங்கே எடுத்துக்கொண்டு போங்கள்.